மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: ஸ்டென்டா, ஆபரேஷனா? காரிமங்கலத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு

தம்பிக்கு விபத்து நடந்தது தொப்பூர் கணவாயில். அந்த இறக்கத்தைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலையில் அடி, பதினான்கு நாள் வாய்வழியாக டியூப் போட்டு மெஷினில் வைத்திருந்தார்கள், பிழைத்து வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து ஐந்தாவது வாரம், வேண்டிக்கொண்ட கிடாவை வெட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது என்றான். படுத்தே கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த வாரம் சாப்பிடும்போதே பாதியில் நிறுத்தி மூச்சு விட்டான். பக்கத்தில் காட்டிய இடத்தில் இழுப்பு என்றார்கள். இன்ஹேலர் கொடுத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள், ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதினார்கள். மூன்று வாரம் போனது, ஒன்றும் குறையவில்லை.

அப்புறம் பார்த்த நுரையீரல் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துவிட்டு, கழுத்திலும் வைத்தார். "மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருது பாருங்க. ஆஸ்துமான்னா பெரும்பாலும் வெளியே விடும்போதுதான் வரும். இவரு எத்தனை நாள் வென்டிலேட்டர்ல இருந்தாரு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் எங்களுக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும், அந்த ஸ்டீராய்டும் அவன் உடம்புக்குள் போயிருக்காது. அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். யாராவது ஐசியுவில் டியூப்போடு இருந்து வந்து, சில வாரத்திலோ சில மாதத்திலோ மூச்சு வாங்கி, இன்ஹேலருக்கும் கேட்கவில்லை என்றால், டியூப் போட்டிருந்த கதையை நீங்களே டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள்.

என்ன ஆகிறது என்றால், அந்த டியூப்பின் நுனிக்கு மேலே சின்ன பலூன் ஒன்று இருக்கும். காற்று பக்கவாட்டில் கசியாமலும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமலும் இருக்க அதை ஊதி வைப்பார்கள். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாது, தோல் புண்ணாகும், உள்ளே இருக்கும் குருத்தெலும்பு வளையமும் கெட்டுப்போகும். டியூப்பை எடுத்தபின் அந்தப் புண் ஆறும்போது தழும்பு சுற்றிலும் இறுக்கிக்கொண்டே வரும். தீக்காயம் ஆறின தோல் எப்படிச் சுருங்கி இழுக்குமோ அதேதான், என்ன, இங்கே அது ஒரு வளையமாக இழுக்கிறது. 1970களுக்குப் பிறகு குறைந்த அழுத்தத்தில் ஊதும் பலூன்கள் வந்து இந்தத் தொல்லை குறைந்தது, ஆனாலும் அதிகமாக ஊதிவிட்டால் அதே கதைதான்.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயின் நீளமே 10, 12 சென்டிமீட்டர்தான், அகலம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பாதி அடைத்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. 8 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால் வேலை செய்யும்போது மூச்சு வாங்கும், 5 மில்லிமீட்டர் வந்தால் உட்கார்ந்திருந்தாலே சத்தம் வரும். தம்பிக்கு சி.டி.யிலும், மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழலான ஸ்கோப்பிலும் பார்த்தபோது குறுகலான இடம் 5 மில்லிமீட்டர், குறுகிய பகுதியின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர், குரல் நாணுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் தள்ளி. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டரே சொன்னார். எவ்வளவு குறுகல், எவ்வளவு நீளம், குரல் நாணிலிருந்து எவ்வளவு தூரம். அடுத்து யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்டார்கள்.

அந்த நேரத்தில் உயிர் முக்கியம் என்பதால் முதலில் உடனே விரித்துவிட்டார்கள். முழு மயக்கத்தில், வளையாத இரும்புக் குழல் ஸ்கோப்பை வாய்வழியாக இறக்கி, தழும்பை லேசரால் மூன்று இடத்தில் கீறி, பலூன் வைத்து விரித்தார்கள். மயக்கம் தெளிந்ததும் மூச்சு சத்தமே இல்லை. அம்மா அழுதுவிட்டார்கள். நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டாவது நாள் அதே விசில்.

இங்கேதான் முதல் கணக்கு. விரிப்பது எல்லோருக்கும் வீண் இல்லை. சவ்வு மாதிரி மெல்லிசாக, ஒரு சென்டிமீட்டருக்குள், குருத்தெலும்பு கெடாமல் இருக்கும் சுருக்கத்துக்கு ஒன்றிரண்டு தடவை கீறி விரித்தாலே நின்றுவிடுவதுண்டு. தழும்பில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும், தழும்பு மறுபடி வளராமல் இருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவதும் இதோடு சேர்த்துச் செய்கிறார்கள். ஆனால் இரண்டரை சென்டிமீட்டர், வளையமும் கெட்டிருக்கிறது என்றால் திரும்ப வரத்தான் செய்யும். அப்போது விரிப்பது நாள் வாங்குவதற்கு மட்டுமே. நாள் வாங்குவதும் சில சமயம் தேவைதான், எங்களுக்குத் தேவைப்பட்டது.

இரண்டாம் முறை சுருங்கியதும் மூன்று இடத்தில் கருத்துக் கேட்டோம், மூன்று பதில் வந்தது. ஒருவர் ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றார். ஒருவர் கழுத்தில் டி வடிவக் குழாய் என்றார். மூன்றாமவர் வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைக்கலாம் என்றார். அம்மாவுக்கு வெட்டுவது என்ற வார்த்தையே ஆகவில்லை. "அந்த பைப்பையே வெச்சுடுங்க சாமி" என்று டாக்டரிடம் கை கூப்பினார்கள். எனக்கும் முதலில் அதுவே சரி என்று பட்டது. வாய்வழியாகப் போய் வந்துவிடுவது, கத்தி இல்லை, இரண்டு மூன்று நாளில் வீடு.

ஸ்டென்ட் என்றால் என்ன என்று நம் ஊரில் விளக்குவது சுலபம். போர் போடும்போது மண் சரிகிற ஆழம் வரை கேசிங் பைப் இறக்குவோம் இல்லையா, அதுதான். மண் சரியாமல் பைப் தாங்குகிறது, மண்ணை அது குணப்படுத்தவில்லை. ஸ்டென்டும் சுவரைத் தாங்குகிறது, தழும்பைக் கரைப்பதில்லை. ஒரே வித்தியாசம், போருக்குள் சளி வராது.

ஸ்டென்டில் இரண்டு ஜாதி. சிலிக்கானில் செய்தது ஒன்று. பிரான்சின் மார்சேய் நகரத்து டாக்டர் டூமோன் 1990ல் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வெளிப்பக்கம் சின்னச் சின்ன குமிழ் இருக்கும், நழுவாமல் பிடித்துக்கொள்ள. வைக்க வேண்டுமானாலும் எடுக்க வேண்டுமானாலும் முழு மயக்கம், அந்த இரும்பு ஸ்கோப், அது கைவந்த டாக்டர், மூச்சுக்குழாயைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்யத் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் எல்லாம் வேண்டும். இதன் பெரிய நன்மை, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை வைத்திருந்து எடுத்தபின், சிலருக்குக் குழாய் அப்படியே திறந்து நின்றுவிடுகிறது, சிலருக்கு மறுபடி சுருங்குகிறது. தொல்லை மூன்று: நழுவும், இரண்டு முனையிலும் சதை வளரும், சளி ஒட்டிக் காயும். நம் மூச்சுக்குழாயின் உள்ளே சளியை மேலே தள்ளிக்கொண்டு வரும் நுண்மயிர்கள் இருக்கின்றன, சிலிக்கானில் அது கிடையாது. சளி வந்து நிற்கும், காய்ந்தால் பசை மாதிரி. அதனால் தினமும் இரண்டு மூன்று தடவை உப்புநீர் நெபுலைசர், ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வரை.

இன்னொன்று உலோக வலை ஸ்டென்ட், தானாக விரிவது. வைப்பது இதைவிடச் சுலபம், வளையும் ஸ்கோப் வைத்தே வைத்துவிடலாம். சுலபம் என்பதுதான் இதில் ஆபத்து. வலைக் கண்ணுக்குள் சதை வளர்ந்து ஸ்டென்ட் சுவரோடு ஒன்றாகிவிடும். அப்புறம் எடுக்கப் போனால் துண்டு துண்டாக வரும், சுவரையும் பிய்த்துக்கொண்டு வரும், சில சமயம் உள்ளேயே கம்பி உடையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஃப்.டி.ஏ. 2005லேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டது: புற்றுநோய் அல்லாத மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு, ஆபரேஷன், சிலிக்கான் என்று மற்ற வழி எல்லாவற்றையும் பார்த்த பிறகே உலோக ஸ்டென்ட். மேலே உறை போட்டது என்றால் வலைக்குள் சதை நுழைவது குறையும், முனையில் வளர்வது வளரத்தான் செய்யும். புற்றுநோய் அடைத்தவருக்கு இது நல்ல உபகாரம், அங்கே கணக்கு வேறு. இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு டியூப்பால் வந்த சுருக்கத்தில் யாராவது முதல் வழியாக உலோக ஸ்டென்ட் என்றால், நான் எழுந்து வந்துவிடுவேன்.

டி வடிவக் குழாயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965ல் பாஸ்டனில் மான்ட்கோமரி என்ற டாக்டர் கொண்டுவந்தது, அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு உள்ளே நிற்கும், ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அது லேசில் நழுவாது. வெளிமுனையை மூடிவிட்டால் வாய்வழி மூச்சு, பேச்சும் வரும், சளி கட்டினால் திறந்து உறிஞ்சி எடுக்கலாம். சுருக்கம் குரல் நாணுக்கு மிக அருகில் இருந்தால் சாதாரண ஸ்டென்ட் அங்கே சரிப்படாது, இது உதவும். வெறும் தொண்டை ஓட்டை, அதாவது டிரக்கியாஸ்டமி, அவசரத்துக்கு உயிர் காக்கும். ஆனால் எந்த இடத்தில் ஓட்டை போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நல்ல வளையத்தில் போட்டால் அதுவும் கெட்டு, பின்னால் வெட்டி எடுக்க வேண்டிய நீளம் கூடிவிடும்.

இனி வெட்டித் தைப்பது. கழுத்தின் அடியில் குறுக்காகக் கீறி, கெட்ட பகுதியை அப்படியே எடுத்துவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைக்கிறார்கள். பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயில் ஏறக்குறைய பாதி நீளம் வரை எடுத்தாலும் சேர்க்க முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பாஸ்டனின் ஆபரேஷன் டாக்டர் ஹெர்மிஸ் கிரில்லோ. அவரும் கூட இருந்தவர்களும் 1995ல் வெளியிட்ட 503 பேரின் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு மேல் நல்ல பலன் அல்லது திருப்தியான பலன். 12 பேர் இறந்தும் இருக்கிறார்கள், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவ்வளவு பெரிய கை எல்லா ஊரிலும் இருக்காது என்பதையும்தான். தையல் விடுவது, மறுபடி சுருங்குவது, குரலுக்கான நரம்பு பாதித்துக் குரல் கம்முவது இதெல்லாம் இதிலிருக்கும் ஆபத்து. தையல் இழுபடாமல் இருக்க, தாடையை நெஞ்சோடு சேர்த்து ஒரு கனத்த நூலால் கட்டி ஒரு வாரம் தலை குனிந்தே இருக்க வைப்பார்கள். பார்க்கத்தான் கொடுமை.

இத்தனையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தோம். முடிவை மாற்றியது ஒரு பாலக்கோட்டு அம்மா. ஸ்கோப் வார்டில் தம்பிக்கு அடுத்த கட்டில், வயது அறுபத்து மூன்று, சர்க்கரை, இதயத்தின் பம்பிங் குறைவு, கொரோனா நேரத்தில் வென்டிலேட்டரில் இருந்து வந்தவர். ஆபரேஷன் தாங்காது என்று சிலிக்கான் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மகன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாள் பூரா நல்லா இருக்காங்க அக்கா, களி சாப்பிடறாங்க, தக்காளி பறிக்கற ஆளுங்ககிட்ட சத்தம் போடறாங்க. ராத்திரிதான் பயம்." மார்கழியில் ஒரு இரவு பதினொன்றரைக்குச் சளி ஒட்டிக்கொண்டு மூச்சு நின்ற மாதிரி ஆகிவிட்டது. பவர் கட் வேறு. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில் நெபுலைசரை மாட்டி உப்புநீர் கொடுத்துக்கொண்டே 108ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய இருமல் ஒன்று வந்து விரல் நுனி அளவுக்குக் காய்ந்த சளி வெளியே விழுந்தது, பிழைத்தார். விழவில்லை என்றால், ஸ்டென்டைச் சுத்தம் செய்யக்கூடிய ஸ்கோப் இருந்த இடம் அவர்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம்.

எந்த வழி சிறந்தது என்றே எல்லோரும் கேட்கிறோம், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது, வைத்ததை இரவு ஒரு மணிக்கு எடுக்கத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. பெங்களூரிலோ சென்னையிலோ அந்த மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு ஸ்டென்ட் ஒரு மாதிரி. காரிமங்கலத்தில் இருப்பவருக்கு அதே ஸ்டென்ட் வேறு மாதிரி. எங்களுக்குச் சேலம் ஒன்றரை மணி நேரம், பெங்களூரு ஓசூர் நெரிசலோடு சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் இந்தத் தூரம் ஒரு காரணமாக எழுதியிருக்காது, ஆனால் நாங்கள் டாக்டரிடம் சொன்னதும் அவர் அதை உடனே ஒப்புக்கொண்டார். தம்பி லாரி ஓட்டுகிறவன் வேறு, ஒரு வாரம் நாக்பூர் என்றால் அங்கே எந்த நெபுலைசர்?

இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்டென்டின் முனைகளில் வளரும் சதை நல்ல பகுதியையும் கெடுக்கும். இன்று இரண்டரை சென்டிமீட்டர், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் கழித்து நான்கு ஆகலாம். அப்போது வெட்டலாம் என்றால் வெட்ட வேண்டிய நீளமே கூடியிருக்கும். அதனால்தான் மூன்றாவது டாக்டர், "ஸ்டென்ட் வைக்கறதுன்னாகூட, முதல்ல ஆபரேஷன் பண்றவரை ஒரு தடவை பாத்துட்டு வையுங்க" என்றார். இதைவிட உபயோகமான வார்த்தையை அந்த மூன்று மாதத்தில் நான் கேட்கவில்லை. ஆபரேஷன் பண்ணுகிறவரே முடியாது என்று சொன்னால் ஸ்டென்ட் நிம்மதியாக வைக்கலாம். அவரைப் பார்க்காமலே வைத்துவிட்டால் ஒரு கதவை நாமே சாத்திவிட்டோம்.

ஆனால் உடனே வெட்டவும் முடியவில்லை. இங்கேதான் அந்த ஸ்டீராய்டு மாத்திரை வருகிறது. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் தையல் சரியாக ஆறாது, குறைத்து நிறுத்த வேண்டும். உள்ளே புண் சிவந்து கிடக்கும்போதும் வெட்டக் கூடாது, அது ஓரளவு அடங்கித் தழும்பாக வேண்டும். அதுவரைக்கும் அவனை மூச்சு விட வைக்க இரண்டாவது முறையும் விரித்தார்கள், ஐந்து வாரம் கழித்து மூன்றாவது முறையும். இழுப்பு என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு முறையாவது குறைந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன், என் அம்மா அப்படி நினைப்பதில்லை, அவர் எல்லாவற்றையும் சாமி கணக்கில் எழுதிவிடுவார்.

பாலக்கோட்டு அம்மாவுக்கு எங்கள் முடிவு சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயம் பலவீனம், சர்க்கரை, மறுபடி வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு, இப்படி இருப்பவருக்கு வெட்டித் தைத்தபின் தையல் விட்டால் திரும்பிப் போக வழியே இல்லை. அவருக்குச் சிலிக்கான்தான் சரி, ஒழுங்காக நெபுலைசர், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர், விறகடுப்புப் பக்கம் போகக் கூடாது, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கோப். அவர் மகன் இப்போது நெபுலைசருக்குச் சின்ன பேட்டரி வைத்திருக்கிறார். சுருக்கம் ரொம்ப நீளம் என்றாலும், குழாய் முழுக்கத் தளர்ந்து மடங்குகிறது என்றாலும் ஸ்டென்டோ டி குழாயோதான் வழி.

செலவு விஷயத்தில் ஒன்று மட்டும். ஸ்டென்ட் முதல் நாள் பில்லில் குறைவாகத் தெரியும். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் முழு மயக்கம், தங்கல், பயணம், கூட வருகிறவரின் கூலி நாள் எல்லாம் போட்டுப் பார்த்தால் கணக்கு மாறும். நான் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் இரண்டு வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன், எங்கள் விஷயத்தில் ஆபரேஷன்தான் குறைந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வரம்பு இருக்கிறது, ஆனால் போகிற மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சையும் ஸ்டென்ட் என்ற பொருளும் அதில் வருமா என்று படுக்கை போடும் முன்பே காப்பீட்டு மேஜையில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆபரேஷன் நடந்து பதினோரு மாதம் ஆகிறது. தாடையைக் கட்டியிருந்த ஒரு வாரம் அவன் பட்ட பாடு தனிக் கதை, ஸ்ட்ரா வைத்துத்தான் கஞ்சி குடித்தான், எதையும் பேசாமல் கையைக் காட்டியே சண்டை போட்டான். குரல் இரண்டு மாதம் கரகரத்தது, இப்போது உரக்கக் கூப்பிட்டால் மட்டும் கொஞ்சம் உடைகிறது. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் ஸ்கோப் பார்த்தார்கள், 14 மில்லிமீட்டர் திறந்திருக்கிறது. லாரிக்குத் திரும்பிவிட்டான். அவன் சட்டைப் பையில் லைசென்சோடு ஒரு லேமினேட் செய்த சீட்டு இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்தது: மூச்சுக்குழாய் வெட்டிச் சேர்க்கப்பட்டுள்ளது, டியூப் போட நேர்ந்தால் சின்ன அளவு, முடிந்தால் ஸ்கோப் பார்த்துக்கொண்டே போடவும், பலூன் அழுத்தத்தை அளந்து வைக்கவும். பாலக்கோட்டு அம்மாவிடமும் ஒரு சீட்டு உண்டு, அதில் ஸ்டென்டின் அளவும் அது இருக்கும் இடமும் எழுதியிருக்கிறது. அதை அவர் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருக்கிறார், மகன் ஒரு நகல் எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்.